டக்ளஸ் டாம்ப்கின்ஸ்: காட்டை வாங்கி நாட்டுக்குக் கொடுத்த துணி வியாபாரி

நார்த் ஃபேஸ் என்ற பெயர் போட்ட முதுகுப்பை நம் ஊர்ப் பேருந்து நிலையத்துக் கடைகளில்கூடத் தொங்குகிறது. அசலோ நகலோ, அந்தப் பெயரைப் பார்க்காத கல்லூரி மாணவர்கள் குறைவு. அந்தக் கடையை சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கியவர் டக்ளஸ் டாம்ப்கின்ஸ். சில வருடங்களிலேயே அதை விற்றுவிட்டு மலையேறப் போனார். அப்புறம் மனைவியோடு சேர்ந்து எஸ்பிரி என்ற துணி நிறுவனத்தைப் பல நாடுகளுக்குக் கொண்டுபோனார். அதையும் விற்றார். விற்ற பணத்தில் சிலியிலும் அர்ஜென்டினாவிலும் காடும் மேய்ச்சல் நிலமுமாக லட்சக்கணக்கான ஏக்கர் வாங்கி, வாங்கியதை அந்தந்த நாட்டிடமே தேசியப் பூங்காவாக ஒப்படைத்தார். 2015 டிசம்பர் 8ஆம் தேதி, 72 வயதில், சிலியின் தெற்கே ஒரு ஏரியில் கயாக் படகு கவிழ்ந்து இறந்துபோனார்.

பணக்காரர் ஒருவர் மனம் மாறித் தானம் செய்தார் என்று இதைச் சுருக்கிவிட முடியும். எனக்கு அது போதவில்லை. டாம்ப்கின்ஸ் கடைசி நாள் வரை வியாபாரியாகத்தான் இருந்தார் என்பது என் வாசிப்பு. துணியில் பழகிய கண்ணையும் பேரத்தில் பழகிய புத்தியையும் அப்படியே நிலத்துக்குக் கொண்டுபோனார். அவர் உருவாக்கியவற்றிலேயே சிறந்தது ஒரு கூடாரமோ சட்டையோ இல்லை. அரசாங்கம் மறுக்க முடியாதபடி ஒரு கொடையை வடிவமைத்த விதம். அதைத்தான் இங்கே விரிவாகப் பார்க்க நினைக்கிறேன்.

கடை, வேன், மலை

1943 மார்ச் 20இல் ஓஹாயோ மாநிலத்தில் பிறந்தவர். வளர்ந்தது நியூயார்க் மாநிலத்தில் மில்புரூக் என்ற சிற்றூரில். அப்பா பழங்கால மரச்சாமான்களையும் கலைப்பொருள்களையும் வாங்கி விற்றவர். எது நல்ல வேலைப்பாடு, எது போலி என்று பார்க்கும் பழக்கம் பையனுக்கு வீட்டிலேயே வந்திருக்க வேண்டும். படிப்பு ஒட்டவில்லை. உறைவிடப் பள்ளியிலிருந்து இறுதி வருடம் முடியும் தறுவாயில் வெளியேற்றினார்கள். கல்லூரிப் பக்கமே போகவில்லை. பனிச்சறுக்கு, பாறையேற்றம் என்று சுற்றினார், மரம் வெட்டும் வேலை பார்த்தார். ஒருநாள் சாலையோரம் நின்று லிஃப்ட் கேட்டபோது காரை நிறுத்திய பெண் சுசி ரஸ்ஸல். 1964இல் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள்.

மலையேறுபவர்களுக்கான சாமான் விற்கும் நார்த் ஃபேஸை வங்கியில் 5,000 டாலர் கடன் வாங்கித் தொடங்கினார். பூமியின் வடபாதியில் மலையின் வடக்கு முகத்தில்தான் வெயில் குறைவு, பனி அதிகம், ஏறுவது கடினம். அந்த முகத்தின் பெயரையே கடைக்கு வைத்தார். 1966 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவின் நார்த் பீச் பகுதியில் கடை திறந்தபோது வாசித்தது கிரேட்ஃபுல் டெட் இசைக்குழு. கயிறும் தூங்கும் பையும் விற்கும் கடைக்கு ராக் இசையோடு திறப்பு விழா! பொருளோடு சேர்த்து ஒரு வாழ்க்கை முறையையும் விற்க வேண்டும் என்பது அவருக்கு 23 வயதிலேயே தெரிந்திருந்தது.

தெரிந்தும், கடையை அவர் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. சுமார் 50,000 டாலருக்கு விற்றார். இன்று நாம் பார்க்கும் அந்த வளைகோட்டுச் சின்னம்கூட அவர் போன பிறகு வந்ததுதான்.

1968இல் நண்பர்களோடு ஒரு பழைய ஃபோர்டு வேனில் கலிபோர்னியாவிலிருந்து தெற்கே கிளம்பினார். வழியில் கடலில் அலைச்சறுக்கு, சிலியின் எரிமலைச் சரிவுகளில் பனிச்சறுக்கு. போகிற இடம் அர்ஜென்டினா, சிலி எல்லையில் இருக்கும் ஃபிட்ஸ் ராய் சிகரம். புயல் ஓயாமல் அடிக்கிற மலை அது. பனியில் குகை தோண்டி, அதற்குள் மொத்தம் 31 நாள் அடைந்து கிடந்தார்கள். டிசம்பர் 20இல் ஐந்து பேரும் உச்சியை அடைந்தார்கள். அந்தச் சிகரத்தில் மனிதர் ஏறியது அது மூன்றாவது முறை; இவர்கள் ஏறியது யாரும் போகாத புது வழி. உடன் ஏறியவர்களில் ஒருவர் ஈவான் ஷுயினார். பின்னாளில் படகோனியா என்ற துணி நிறுவனத்தைத் தொடங்கி, இதே மலையின் விளிம்புக்கோட்டைத் தன் சின்னமாக வைத்துக்கொண்டவர். 47 வருடம் கழித்து அந்தக் கடைசிக் கயாக் பயணத்திலும் அவர் உடன் இருந்தார்.

இந்தப் பயணத்தை நான் முக்கியமாக நினைக்கிறேன். 25 வயதுக்காரர், கையில் குழந்தைகள் உள்ள குடும்பம், கடையை விற்ற காசு. அதை வைத்து இன்னொரு கடை போடுவதுதான் எவரும் சொல்லும் புத்திமதி. அவர் போனார். பின்னாளில் எதை வாங்கப் போகிறோம் என்று தெரியாமலே, வாங்க வேண்டிய நிலத்தை முதலில் கண்ணால் பார்த்துவிட்டு வந்தார்.

எஸ்பிரி

அவர் மலையில் இருந்த அதே வருடம், சான் பிரான்சிஸ்கோவில் சுசியும் அவருடைய தோழி ஜேன் டைஸும் பிளெயின் ஜேன் என்ற பெயரில் பெண்களுக்கான உடைகளைத் தைத்து ஒரு ஃபோக்ஸ்வேகன் வண்டியில் வைத்து விற்கத் தொடங்கியிருந்தார்கள். எஸ்பிரியின் வேர் அதுதான். டாம்ப்கின்ஸின் கதையைச் சொல்லும்போது இந்த இரண்டு பெண்களின் பங்கு சிறுத்துவிடக் கூடாது. உடையை வடிவமைத்ததும் வாங்குபவர் மனதைப் படித்ததும் முக்கியமாக சுசி. டக்ளஸ் பிறகு வந்து சேர்ந்து அதற்கு ஒரு முகம் கொடுத்தார். தன்னை நிர்வாகி என்று சொல்லிக்கொள்ளாமல், நிறுவனத்தின் தோற்றத்துக்குப் பொறுப்பாளர் என்றே சொல்லிக்கொண்டார்.

முகம் என்பதை அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐரோப்பாவில் ஷோரூம்களை வடிவமைக்க இத்தாலியின் எத்தோரே சொத்சாஸைப் பிடித்தார். படம் எடுக்க ஒலிவியேரோ தொஸ்கானி. மாடல்களை விட்டுவிட்டு, தங்கள் ஊழியர்களையும் வாடிக்கையாளர்களையுமே நிறுத்திப் படம் பிடித்து விளம்பரம் செய்தார்கள். சான் பிரான்சிஸ்கோ தலைமையகத்துச் சுவர்களில், பழைய முறைப்படி எளிமையாக வாழும் ஆமிஷ் கிறிஸ்தவ மக்கள் கையால் தைத்த பழைய ஒட்டுத்துணிப் போர்வைகளை ஓவியம் மாதிரி மாட்டி வைத்தார். துணி வியாபாரத்தில் இருப்பவர்கள் தினமும் நல்ல துணியைப் பார்த்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும் என்று நினைத்திருப்பார் போல. எந்த நுணுக்கமும் சின்னதல்ல என்பது அந்த அலுவலகத்தின் தாரக மந்திரம்.

1978இல் விற்பனை 10 கோடி டாலரைத் தாண்டியது. 1980களின் நடுவில், உலகம் முழுக்கச் சேர்த்து, சுமார் 80 கோடி டாலர் என்றார்கள். இத்தனைக்கும் அவர் வருடத்தில் பல மாதம் ஊரில் இருக்க மாட்டார். எங்காவது ஒரு நதியில் கயாக், எங்காவது ஒரு மலை. 'இல்லாமலிருந்து நிர்வாகம் செய்வது' என்று அதற்கு ஒரு பெயரும் வைத்திருந்தார். தான் இல்லாவிட்டாலும் நடக்கிற மாதிரி ஒன்றைக் கட்ட வேண்டும் என்ற பழக்கம் இங்கே உருவானது என்று நினைக்கிறேன். அது பின்னால் மிகவும் உதவியது.

இந்தக் காலத்தைப் புகழ்ச்சியோடு மட்டும் கடந்துபோக முடியாது. 1974இல் சான் பிரான்சிஸ்கோவின் சீனர் குடியிருப்பில் இவர்களுக்குத் துணி தைத்துக்கொடுத்த தொழிற்சாலையில் பெண்கள் சங்கம் வைக்க முயன்றார்கள், வேலைநிறுத்தம் செய்தார்கள். தொழிற்சாலை இழுத்து மூடப்பட்டது. வழக்கு ஏறக்குறைய பத்து வருடம் இழுத்து, மூடியது தவறு என்று முடிந்தது. சுவரில் தொங்கிய போர்வையின் தையலை அவ்வளவு மதித்தவர், தன் துணியைத் தைத்த கைகளை அதே கண்ணோடு பார்க்கவில்லை. அவரை மதிக்கிறவர்கள் இதைச் சொல்லாமல் விடுவது நேர்மை ஆகாது.

விற்றுவிட்டுப் போனவர்

1980களின் கடைசியில் அவருக்குத் தன் தொழில் மீதே நம்பிக்கை போய்க்கொண்டிருந்தது. நார்வேயின் தத்துவவாதி ஆர்னே நெஸ் எழுதியவற்றைப் படித்தார். மனிதனுக்குப் பயன்படுகிறதா என்பதை வைத்து உயிர்களை மதிப்பிடக் கூடாது, ஒவ்வோர் உயிருக்கும் தனக்கென்று ஒரு மதிப்பு உண்டு என்ற ஆழ்சூழலியல் சிந்தனை நெஸ்ஸுடையது. நெஸ்ஸும் மலையேறி, காந்தியைப் பற்றி ஆழமாக எழுதியவர். டாம்ப்கின்ஸை அது உலுக்கிவிட்டது. யாருக்கும் அவசியமில்லாத பொருளைத் தயாரித்துக் கோடிக்கணக்கானவர்களை வாங்க வைக்கிறோமே என்று வெளிப்படையாகப் பேச ஆரம்பித்தார். 1990இல் எஸ்பிரியே, பொறுப்போடு வாங்குங்கள், தேவையா என்று யோசியுங்கள் என்று வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது. துணி விற்கிற நிறுவனம் அப்படிச் சொல்வது அன்று புதிது.

சுசியோடு மணவாழ்க்கையும் அதே சமயத்தில் முறிந்தது. அமெரிக்க எஸ்பிரியில் டக்ளஸின் பங்கை சுசியும் அவருடைய முதலீட்டாளர்களும் வாங்கிக்கொண்டார்கள். 15 கோடி டாலர் என்று பேசப்பட்டது. 1990இல் ஒரு அறக்கட்டளை, 1991இல் சிலியின் தெற்கே ரெனியுவே கடல்முகத்தில் ஒரு பண்ணை. சாலை கிடையாது. சிறு விமானம், இல்லையென்றால் படகு. அவரே விமானம் ஓட்டுவார் என்பதால் அது அவருக்குத் தடையாகவே தெரியவில்லை.

சந்தேகத்தின் பத்து வருடம்

பூமாலின் என்று பிறகு பெயர் பெற்ற அந்தக் காடு மழைக்காடு. ஆனால் குளிர்ப்பிரதேச மழைக்காடு. அங்கே அலெர்செ என்ற மரம் இருக்கிறது. 3,000 வருடத்துக்கு மேல் வாழக்கூடியது. அந்த மரத்தின் அறிவியல் பெயர் ஃபிட்ஸ்ராயா. அவர் ஏறிய சிகரத்துக்கும் இந்த மரத்துக்கும் ஒரே மாலுமியின் பெயர்தான். நல்ல மரம் என்பதால் வெட்டித் தீர்த்துக்கொண்டிருந்தார்கள்.

டாம்ப்கின்ஸ் அக்கம்பக்கத்து நிலங்களைத் துண்டு துண்டாக வாங்கிச் சேர்த்தார். எதற்கு என்று ஊருக்குச் சொல்லவில்லை. இங்கேதான் அவர் பெரிய தவறு செய்தார் என்பேன். சொன்னால் விலை ஏறும் என்ற வியாபாரக் கணக்கு அவருக்கு இருந்திருக்கலாம். சட்டை விற்கும்போது முகத்துக்கு அவ்வளவு கவனம் கொடுத்தவர், ஒரு நாட்டுக்குள் அந்நியராக நுழையும்போது தன் முகத்தைக் காட்டவில்லை. அதற்கான விலையைப் பத்து வருடத்துக்கு மேல் கொடுத்தார்.

சிலி ஒரு ஒல்லியான நாடு. அவர் வாங்கிய நிலம் ஒரு இடத்தில் பசிபிக் கடலில் தொடங்கி அர்ஜென்டினா எல்லை வரை நீண்டது. நாட்டை இரண்டாக வெட்டப் பார்க்கிறான் என்றார்கள். அமெரிக்க உளவாளி, தண்ணீரைத் திருட வந்தவன், அணுக்கழிவு கொட்டப் போகிறான், யூதர்களுக்குத் தனி நாடு அமைக்கப் போகிறான் என்று வதந்தி வதந்தியாக வந்தது. அவர் யூதரே இல்லை. இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: சிலியில் ராணுவ ஆட்சி முடிந்தது 1990இல்தான். மறுவருடமே ஒரு வெளிநாட்டுப் பணக்காரர் வந்து நிலத்தை மளமளவென்று வாங்கினால் மக்கள் பயப்படுவது இயல்பு. சால்மன் மீன் பண்ணைகளை அவர் எதிர்த்ததால் தொழில் முதலாளிகளும் பகையானார்கள். பூமாலினின் இரண்டு பாதிகளுக்கு நடுவே இருந்த ஹுய்னாய் என்ற நிலம் ஒரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமானது. அதை வாங்க அவர் முயன்றார். கிடைக்கவில்லை, எண்டேசா மின் நிறுவனத்துக்குப் போனது. பூங்கா இன்னும் இரண்டு துண்டாகத்தான் இருக்கிறது.

இந்தப் பகையை அவர் கரைத்தது பேச்சால் இல்லை. நிலத்தைத் திறந்துவிட்டார். நடைபாதை, முகாம், பெயர்ப்பலகை எல்லாம் தன் செலவில் அமைத்துப் பொதுமக்களை உள்ளே விட்டார். பலகைகள் மரத்தில் செதுக்கியவை. குடில்கள் அந்த ஊர்க் கட்டடக்கலையைப் பார்த்துக் கட்டியவை. பூங்கா வாசலில் இருக்கும் எல் அமரியோ என்ற சிற்றூரின் வீடுகளை வண்ணம் பூசி, தோட்டம் வைத்துச் சீரமைக்க உதவினார். எஸ்பிரியின் அதே கண்தான் இங்கேயும். 2005இல் அதிபர் ரிக்கார்டோ லாகோஸ் அரசு, சுமார் 7 லட்சம் ஏக்கர் பூமாலினை இயற்கைச் சரணாலயமாக அறிவித்தது.

கொடையின் வடிவமைப்பு

இனி இந்த ஆய்வின் மையம்.

1993இல் அவர் கிரிஸ்டின் மெக்டிவிட்டைத் திருமணம் செய்துகொண்டார். கிரிஸ், ஷுயினாரின் படகோனியா நிறுவனத்துக்குப் பல வருடம் தலைமை நிர்வாகியாக இருந்தவர். வேலையை விட்டுவிட்டு ரெனியுவேக்கு வந்தார். அதன் பிறகு நடந்த எல்லாமே இரண்டு அனுபவசாலி நிர்வாகிகளின் கூட்டு வேலை.

காட்டைக் காப்பாற்றப் பல வழி இருக்கிறது. தனியார் சரணாலயமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் வாரிசு விற்றுவிட முடியும். அறக்கட்டளையிடம் விடலாம், காசு தீர்ந்துபோகும். தேசியப் பூங்காவாக்கினால் அது எல்லாக் குடிமக்களின் சொத்து. அதைக் கலைப்பது எந்த அரசுக்கும் அரசியல்ரீதியாகக் கடினம். எனவே கொடுப்பது அரசிடம்தான் என்று முடிவு செய்தார்கள். அர்ஜென்டினாவின் அட்லாண்டிக் கடற்கரையில் மோன்தே லியோன் பண்ணையை வாங்கி இந்த முறையை நடத்திக்காட்டினார்கள். அந்த நாட்டின் தென்பகுதியான படகோனியாவின் கடற்கரையில் தேசியப் பூங்கா வந்தது அப்படித்தான்.

சும்மா நிலத்தைக் கொடுத்தால் அரசுக்கு அது செலவு. வேலி, பாதை, காவலர் குடியிருப்பு எல்லாவற்றுக்கும் நிதி ஒதுக்க வேண்டும். அதனால் எல்லாவற்றையும் கட்டி முடித்து, சாவி கையில் கொடுக்கிற மாதிரி தயாராக்கினார்கள். 2004இல் வாங்கிய சாகாபுகோ பள்ளத்தாக்கு அதற்கு நல்ல உதாரணம். சுமார் 1.7 லட்சம் ஏக்கர் ஆட்டுப்பண்ணை, மேய்ந்து மேய்ந்து தேய்ந்த நிலம். ஆடுகளை விற்றார்கள், நூற்றுக்கணக்கான மைல் நீளக் கம்பிவேலியைத் தன்னார்வலர்களை வைத்துப் பிடுங்கினார்கள். புல் திரும்பியது. ஒட்டக இனத்தைச் சேர்ந்த காட்டு விலங்கான குவானாக்கோவின் கூட்டங்கள் பரவின. அழியும் நிலையில் உள்ள உவேமுல் மான்களுக்கு இடம் கிடைத்தது. பக்கத்து ஊரான கொக்ரேனில் கோபம் இருந்தது. பல தலைமுறையாக ஆடு மேய்த்தவர்களுக்கு அந்தப் பண்ணைதான் வாழ்வாதாரம். வேலி பிடுங்கப்படுவதைத் தங்கள் வாழ்க்கை பிடுங்கப்படுவதாக அவர்கள் பார்த்ததில் நியாயம் இருக்கிறது. சிலர் பூங்காவிலேயே வேலைக்குச் சேர்ந்தார்கள், பூமா வேட்டையாடியவர் பூமாவின் தடம் பார்க்கும் காவலர் ஆனதும் உண்டு. எல்லாருக்கும் அப்படி அமையவில்லை.

கடைசியாகப் பேரம். நாங்கள் இத்தனை ஏக்கர் தருகிறோம். பதிலுக்கு அரசு தன்னிடம் உள்ள அரசு நிலங்களை இதோடு சேர்த்துப் பூங்காவாக்க வேண்டும். கொடுப்பவர் பதிலுக்குக் கேட்டது தனக்கில்லை, நிலத்துக்கே. இது எவ்வளவு பெரிய யோசனை என்பது கணக்கைப் பார்த்தால்தான் விளங்கும். 2018 ஜனவரி 29இல் சாகாபுகோ பள்ளத்தாக்கில் அதிபர் மிச்செல் பாச்செலெட்டும் கிரிஸும் கையெழுத்திட்டார்கள். டாம்ப்கின்ஸ் தரப்பு கொடுத்தது சுமார் 10 லட்சம் ஏக்கர். சிலி அரசு சேர்த்தது சுமார் 90 லட்சம். மொத்தம் ஒரு கோடி ஏக்கர், அதாவது கேரள மாநிலம் முழுவதையும் விடக் கொஞ்சம் பெரிது. ஐந்து புதிய தேசியப் பூங்காக்கள், மூன்று பூங்காக்கள் விரிவாக்கம். உலகத்தின் எந்தக் கோடீஸ்வரரும் அவ்வளவு நிலத்தைக் காசு கொடுத்து வாங்கியிருக்க முடியாது. பத்தில் ஒன்றை வாங்கி, மீதி ஒன்பதை வரவைத்தார்.

கையெழுத்தான இடத்துக்குப் பக்கத்திலேயே அவருடைய கல்லறை இருக்கிறது.

ஏரி

ஆறு பேர் கயாக்கில் ஜெனரல் கரேரா ஏரியில் போய்க்கொண்டிருந்தார்கள். எல்லாரும் அனுபவசாலிகள். டாம்ப்கின்ஸ் இருந்தது இருவர் படகு. அதன் சுக்கான் சரியாக வேலை செய்யவில்லை. காற்று ஏறியது, அலை ஏறியது, படகு கவிழ்ந்தது. தண்ணீர் சுமார் 4 டிகிரி. நண்பர்கள் திரும்பி வந்து கூட இருந்த ரிக் ரிட்ஜ்வேயைக் காப்பாற்றினார்கள். டாம்ப்கின்ஸைக் குழுவிலேயே இளையவர் தன் படகோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் போராடினார். ஹெலிகாப்டர் வந்து கொய்யாய்க்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது உடல் மிகக் குளிர்ந்துவிட்டது. பிழைக்கவில்லை.

அந்த ஏரியிலிருந்துதான் பேக்கர் நதி வழிந்து போகிறது. பேக்கரிலும் பாஸ்குவாவிலும் ஐந்து அணைகள் கட்டும் ஹிட்ரோஐசேன் திட்டத்தை எதிர்த்த பெரும் இயக்கத்துக்கு அவர் வெளிப்படையாகத் துணை நின்றார். 2014இல் சிலி அரசு அந்தத் திட்டத்தை நிராகரித்தது. அவர் இறந்த ஏரியின் தண்ணீர் இன்று தடையில்லாமல் கடலுக்குப் போகிறது.

அவர் இல்லாமலும் வேலை நடந்தது என்பதுதான் இந்த நிகழ்வில் என்னை அதிகம் தொட்டது. கையெழுத்து நடந்தது அவர் இறந்து இரண்டு வருடம் கழித்து. பேச்சுவார்த்தையைக் கடைசிவரை இழுத்து முடித்தவர் கிரிஸ். பூமாலின் தேசியப் பூங்காவுக்கு டக்ளஸ் டாம்ப்கின்ஸின் பெயரையும் சிலி சேர்த்துவைத்தது. ஒரு காலத்தில் நாட்டை வெட்ட வந்தவன் என்று சொன்ன அதே நாடு.

அர்ஜென்டினாவின் கொரியெந்தெஸ் மாகாணத்தில் இபெரா என்ற பெரிய சதுப்புநிலம் இருக்கிறது. அங்கேயும் சுமார் 1.5 லட்சம் ஹெக்டேர் வாங்கியிருந்தார்கள். நிலத்தைக் காப்பாற்றினால் மட்டும் போதாது, காணாமல்போன விலங்குகளும் திரும்ப வேண்டும் என்று 2007இல் பெரிய எறும்புண்ணிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அடுத்தது ஜாகுவார். அந்த மாகாணத்தில் ஜாகுவார் அழிந்து ஏறக்குறைய 70 வருடம் ஆகியிருந்தது. அவற்றைப் பெருக்கவென்று சதுப்புநிலத்துக்குள் ஒரு மையம் கட்டத் தொடங்கியதை அவர் பார்த்தார். 2021 ஜனவரியில் ஒரு தாய் ஜாகுவாருக்காக அடைப்பின் கதவைத் திறந்துவிட்டார்கள். அது இரண்டு குட்டிகளோடு வெளியே நடந்து புல்லுக்குள் போனது.